குடும்பத்தோடு மலையக நீர்வீழ்ச்சிகளுக்கு ஒருநாள் பயணம்: எப்படித் திட்டமிடுவது?

இலங்கையில் நீர்வீழ்ச்சி பார்க்கக் கிளம்புகிற பல குடும்பங்கள் முதலில் செய்கிற வேலை, பெயர் கேள்விப்பட்ட அத்தனை இடத்தையும் ஒரே நாளுக்குள் அடைப்பதுதான். துன்ஹிந்த, இராவணா எல்ல, தியலும, பம்பரகந்த, நேரம் இருந்தால் திரும்பி வரும்போது டெவோனும் சென். கிளயரும் என்று பட்டியல் நீளும். வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். மலைப்பாதையில் 30 கிலோமீற்றர் போக ஒரு மணித்தியாலம் தாராளமாக ஆகும் என்பதும், இடையில் ஒரு பிள்ளை வாந்தி எடுக்கும், அம்மம்மாவுக்கு முழங்கால் பிடிக்கும் என்பதும் வரைபடத்தில் தெரியாது. ஒரு நாளுக்கு இரண்டு நீர்வீழ்ச்சி போதும். ஒன்று பார்க்க, மற்றது குளிக்க. இதற்கு மேல் சேர்த்தால் நாள் முழுவதும் வேனுக்குள்தான் போகும்.

எந்த இரண்டு என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கும்: நீங்கள் போகிற மாதத்தில் மழை மலையின் எந்தப் பக்கம் பெய்கிறது, உங்கள் கூட்டத்தில் ஆக மெதுவாக நடப்பவர் யார்.

மழையை முதலில் பார்ப்போம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மேற்குச் சரிவை நனைக்கும். ஹட்டன், தலவாக்கலை, கினிகத்தேனை, இரத்தினபுரிப் பக்கத்து அருவிகளெல்லாம் அப்போது நிறைந்து விழும். அதே காலத்தில் பதுளை, எல்ல, வெல்லவாயப் பக்கம் வரட்சியும் காற்றும்தான். ஓகஸ்ட் பள்ளி விடுமுறைக்குத் தியலுமவுக்குப் போய், 220 மீற்றர் கருங்கல் சுவரில் ஒரு நூல் போல இறங்கும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, படத்தில் வேறு மாதிரி இருந்ததே என்று கேட்பவர்கள் ஏராளம். அந்தப் படம் வேறு மாதத்தில் எடுத்தது, அவ்வளவுதான். பதுளை, எல்ல, வெல்லவாய எல்லாம் அடங்கிய ஊவா பக்கத்துக்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான் மழை நன்றாகக் கிடைக்கும்.

ஆனால் அருவி நிறைந்து விழுகிற மாதத்தில் குளிக்கப் போகக்கூடாது. பார்க்கிற மாதம் வேறு, குளிக்கிற மாதம் வேறு. பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்குகிற எண்ணம் இருந்தால், மழை ஓய்ந்து ஆனால் ஆறு இன்னும் வற்றாமல் இருக்கிற வாரங்களைப் பிடியுங்கள். ஊவாவுக்குப் பெப்ரவரியும் மார்ச் தொடக்கமும் என்னுடைய தேர்வு. ஏப்ரல் விடுமுறையில் போவதானால் காலையில் வெயில், பின்னேரம் இடிமழை என்று கணக்கு வைத்து, மதியத்துக்கு முன்பே தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் மாதங்களில் இன்னொரு விடயமும் இருக்கிறது, மண்சரிவு. கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்த தோட்டம் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண்ணுக்குள் போனது, அது தியலுமவுக்குப் போகிற பாதையிலிருந்து தூரமில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு அதைப் பாருங்கள். நீங்கள் போகிற பிரிவுக்குச் செம்மஞ்சளோ சிவப்போ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், கொடுத்த முற்பணம் போனால் போகட்டும்.

அடுத்தது நடை. கைக்குழந்தையோ, ஊன்றுகோல் பிடிக்கிற தாத்தாவோ இருந்தால் ஹட்டன் – தலவாக்கலை வீதிதான் சரி. தலவாக்கலையிலிருந்து ஹட்டன் பக்கம் வரும்போது முதலில் சென். கிளயர், அப்புறம் டெவோன், இரண்டும் சில கிலோமீற்றருக்குள். இரண்டையும் வீதியோரத்தில் நின்று பள்ளத்தாக்குக்கு அப்பால் பார்க்கலாம், ஒரு படி இறங்க வேண்டியதில்லை. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்த பிறகு ஆற்றின் பெரும்பங்கு சுரங்கத்துக்குள் போவதால் சென். கிளயரில் பழைய அகலம் இல்லை. 97 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற டெவோன்தான் இப்போது அழகு என்பேன். எதிலும் குளிக்க முடியாது. பிள்ளைகள் அரை மணித்தியாலத்தில் சலித்துவிடுவார்கள், ஆகவே பக்கத்தில் தேநீர் கடையோ பூங்காவோ ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடக்கத் தயாரான குடும்பத்துக்குத் துன்ஹிந்த. பதுளை நகரிலிருந்து 5 கிலோமீற்றர் அளவு, நுழைவுச்சீட்டு எடுத்து உள்ளே ஒன்றரைக் கிலோமீற்றர் மாதிரி காட்டோரப் பாதை. 64 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் புகையாய் எழும்பி நிற்பதைக் கிட்ட நின்று பார்க்கலாம், முகமெல்லாம் நனையும். போகும்போது இறக்கம் என்பதால் எல்லோரும் உற்சாகமாக இறங்குவார்கள். திரும்பும்போது அதே படிகள் ஏற வேண்டும், அதற்கு இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். அங்கேயும் கீழே இறங்கிக் குளிக்கிற யோசனை வேண்டாம்.

பம்பரகந்த 263 மீற்றர், நாட்டிலேயே ஆக உயரமானது. கொழும்பு – பதுளை வீதியில் களுபஹனையில் திரும்பி 5 கிலோமீற்றர் ஒடுக்கமான ஏற்றம். பெரிய வேன் என்றால் சந்தியில் நிறுத்திவிட்டு ஓட்டோவில் போவது நிம்மதி. கொழும்பிலிருந்து காலையில் போய் இரவே வீடு திரும்ப வேண்டும் என்பவர்கள் இவை எதையும் தொடாமல் குருவிட்டப் பக்கம் போபத் எல்லவோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். 30 மீற்றர்தான், ஆனால் அரசிலை வடிவத்தில் விரிந்து விழுகிற அழகுக்கு உயரம் ஒரு பொருட்டில்லை.

இனி எனக்குப் பிடித்த சுற்று. இதற்கு முதல் நாளே பண்டாரவளையிலோ ஹப்புத்தளையிலோ தங்கியிருக்க வேண்டும். காலை ஆறரைக்குக் கிளம்பி ஹப்புத்தளை, பெரகலை, கொஸ்லந்தை வழியாக இறங்கினால் தியலும வீதியோரத்திலேயே வரும். அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள், படம் எடுங்கள், காலைச் சாப்பாட்டை அங்கேயே முடியுங்கள். மேலே இயற்கைத் தடாகங்கள் இருக்கின்றன, அங்கே எடுத்த படங்கள்தான் எல்லா இடத்திலும் சுற்றுகின்றன. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தால் மேலே ஏறாதீர்கள். ஏற்றம் ஒரு பக்கம் இருக்க, அந்தத் தடாகங்களுக்கு அடுத்தது மலை விளிம்பு, வேலி கிடையாது. அங்கிருந்து வெல்லவாய 13 கிலோமீற்றர். பிறகு எல்லப் பக்கம் மலை ஏறும்போது இராவணா எல்ல வீதியை ஒட்டியே விழும். சுற்று முழுவதும் 100 கிலோமீற்றருக்குள்தான்.

பலர் இதை மறுபக்கமாகச் சுற்றுவார்கள், எல்லவிலிருந்து தொடங்கி. நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், இறக்கத்தைச் சாரதி களைப்பில்லாத காலையில் முடித்துவிட்டு, பின்னேரம் ஏற்றத்தில் வருவது நல்லது. எல்ல – வெல்லவாய வீதியில் 2025 செப்டெம்பரில் இரவில் இறங்கிக்கொண்டிருந்த பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து பலர் இறந்தது நினைவிருக்கும். எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் இருட்டுவதற்குள் தங்குமிடத்துக்கு வந்துவிடுங்கள். வேன் பேசும்போதே சாரதி மலைப்பாதை பழகியவரா என்று கேளுங்கள், இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் சிறு கியரில் இறக்குகிறாரா என்பதைக் கவனியுங்கள். அவருக்கும் சாப்பாடும் அரை மணித்தியால ஓய்வும் கணக்கில் இருக்க வேண்டும், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

வாந்தி விடயம். வளைவுப் பாதையில் வெறும் வயிறும் ஆபத்து, நிறைந்த வயிறும் ஆபத்து. பாணோ ரொட்டியோ கொஞ்சம் கொடுத்து, வாந்திக்குளிசை பாவிப்பதானால் வேன் ஏறுவதற்கு அரை மணித்தியாலம் முன்பே கொடுங்கள். பிள்ளைக்கு எவ்வளவு என்பதை மருந்தகத்தில் வயதும் எடையும் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபோனைப் பறித்து வையுங்கள், குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டு வருகிற பிள்ளைதான் முதலில் எடுக்கும்.

குளிக்கிற இடத்துக்கு வருவோம், இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இராவணா எல்லவில் அடிப்பகுதிப் பாறைகளில் தண்ணீர் ஆழமில்லாமல் ஓடுகிற இடங்கள் உண்டு, குடும்பங்கள் அங்கேதான் நிற்க வேண்டும். பாறை பாசி பிடித்து வழுக்கும், வெறுங்காலைவிடப் பின்பட்டி உள்ள ரப்பர் செருப்பு நல்லது. நேரே அருவி விழுகிற குழிக்குள் போகக்கூடாது. மேலே அமைதியாகத் தெரிந்தாலும் விழுகிற தண்ணீர் அடியில் ஆளைச் சுழற்றிப் பிடித்துவைக்கும், நீச்சல் தெரிந்தவரும் அதில் மாட்டியிருக்கிறார். இங்கே ஆட்கள் இறந்திருக்கிறார்கள் என்று பலகை வைத்திருந்தால் அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை.

இன்னொன்று திடீர் வெள்ளம். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் எரிந்துகொண்டிருக்கும், மேலே மலைத்தலையில் மழை கொட்டியிருக்கும், தண்ணீர் சில நிமிடங்களில் ஏறிவிடும். தெளிந்த தண்ணீர் கலங்கத் தொடங்கினால், இலையும் சுள்ளியும் அடித்து வந்தால், அருவியின் இரைச்சல் கனத்தால் துவாயையும் செருப்பையும் தேடிக்கொண்டு நிற்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். அக்கரைக்குத் தாண்டி விளையாடுவதை ஆரம்பத்திலேயே தடுத்துவிட வேண்டும், தண்ணீர் ஏறினால் அங்கேயே அகப்பட்டுக்கொள்வார்கள். பெரியவர்களில் ஒருவர் குளிக்காமல் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கட்டும், முறை மாற்றிக்கொள்ளலாம். அந்த ஆள் படம் எடுக்கிற ஆளாக இருக்கக்கூடாது. மது எடுத்த யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது, மாமாவாக இருந்தாலும் சரி.

அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். பள்ளத்தாக்குகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், வரைபடத்தை முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டைகளுக்குப் பயந்து பயணத்தை விடத் தேவையில்லை. ஈரமான புல் பாதையில் நடக்கப் போகிறீர்கள் என்றால் நீளக் காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டு, அதன் மேல் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் நகத்தால் ஓரமாகத் தள்ளிக் கழற்றி, இடத்தைக் கழுவி டெட்டோல் போட்டால் போதும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், பிள்ளைக்கு அதை முன்பே சொல்லி வைத்தால் கத்த மாட்டாது.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். மதியம் ஒரு மணிக்கு எல்லப் பக்கத்தில் பத்துப் பேருக்குச் சாப்பாடு தேடி அலைவது பெரிய பாடு. வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சல், அல்லது தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும், அவித்த முட்டை. இவை ஆறினாலும் நன்றாக இருக்கும், கெட்டும் போகாது. பால்கறியை விட்டுவிடுங்கள், வெல்லவாய வெக்கைக்கு மதியத்துக்குள் புளித்துவிடும். சாப்பாட்டை வேனுக்குள் வைத்தே உண்ணுங்கள், இராவணா எல்லக் குரங்குகள் பையின் ஸிப்பைத் திறக்கிற அளவுக்குத் தேறியவை. வீதியோரத்தில் அவித்த சோளம் விற்பார்கள், அதை மட்டும் விடாதீர்கள்.

சில்லறைத் தாள்களாகக் காசு வைத்திருங்கள், நுழைவுச்சீட்டு, வாகனத் தரிப்பு, கழிப்பறை எல்லாவற்றுக்கும் தேவைப்படும். நல்ல கழிப்பறையை எங்கே கண்டாலும், தேவையில்லை என்று சொல்கிற பிள்ளையையும் சேர்த்து எல்லோரையும் அனுப்புங்கள். உடை மாற்ற ஒழுங்கான இடம் எல்லா இடத்திலும் கிடைக்காது. ஒரு பழைய சேலை இருந்தால் இரண்டு பேர் பிடித்து மறைத்துக்கொள்ளலாம், பிறகு அதிலேயே ஈரத்துணி எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி வேனின் பின்னால் போடலாம். மலைத்தண்ணீர் குளிரும், ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் உதடு நீலமாகும் வரை வெளியே வர மாட்டார்கள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கரைக்கு ஏற்றித் துவட்டிவிடுங்கள். ஃபிளாஸ்க்கில் இஞ்சி போட்ட பிளேன்டீ கொண்டுபோனால் அந்த நேரத்துக்கு உதவும்.

நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் சனி, ஞாயிறு, போயா மூன்றையும் தவிருங்கள். முடியாது என்றால் காலை எட்டரைக்குள் முதல் அருவியில் நில்லுங்கள், பஸ்களில் வருகிற கூட்டம் பத்து மணிக்குப் பிறகுதான் இறங்கும்.