இரண்டாம் வாரம் எத்தனை பேர் வந்தார்கள்? பெரிய லீக்குகளுக்கு நடுவே ஒரு சின்ன விளையாட்டை வளர்க்க

பதினொரு வருடமாக ஹேண்ட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். தமிழில் கைப்பந்து என்றால் எல்லோருக்கும் வாலிபால்தான் நினைவுக்கு வரும். அதனால் ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன். ஒரு அணிக்கு ஏழு பேர், 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள தளம், பந்தைக் கையால் எறிந்து கோல் போட வேண்டும். டென்மார்க்கிலும் ஐஸ்லாந்திலும் இது வீட்டுக்கு வீடு தெரிந்த ஆட்டம். நான்கு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்து 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இதில் வெள்ளி வாங்கியது. ஆனால் தொலைக்காட்சி, மைதானம், பள்ளி நேரம், விளம்பரப் பணம் எல்லாம் இரண்டு மூன்று பெரிய லீக்குகளின் கையில் இருக்கும் நாட்டில் தொடங்குகிறவருக்கு அந்த வெள்ளி உதவாது. அங்கே என்ன செய்யலாம் என்று நான் செய்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். உங்கள் விளையாட்டு வேறாக இருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஆடுகிறவர்களைச் சேருங்கள். பார்க்கிறவர்களைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். அமெரிக்காவில் கால்பந்தைக் கூட்டம் சேர்த்து வளர்க்கப் பார்த்தார்கள். 1975இல் நியூயார்க் காஸ்மாஸ் அணி பெலேயைக் கொண்டுவந்தது. 1977 ஆகஸ்டில் அந்த அணியின் ஒரு ஆட்டத்துக்கு 77,691 பேர் வந்தார்கள். அடுத்த வருடம் அந்த அணி ஆடிய லீக் 24 அணிகளாகப் பெருத்தது. 1984 சீசனோடு லீக்கே மூடப்பட்டது. அது போன பிறகும் அங்கே கால்பந்து சாகவில்லை என்றால், அந்த வருடங்களில் பந்தை உதைக்கத் தொடங்கிய பிள்ளைகள்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் விளையாட்டிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்காக பிரிட்டன் ஆண், பெண் ஹேண்ட்பால் அணிகளைப் புதிதாகக் கட்டியது. 2007இல் ‘ஸ்போர்ட்டிங் ஜயன்ட்ஸ்’ என்ற பெயரில் நாடு முழுவதும் உயரமான இளைஞர்களைத் தேடினார்கள். படகோட்டம், வாலிபால், ஹேண்ட்பால் மூன்றுக்கும் சேர்த்து அந்தத் தேடல். அதில் வந்த ஹெலன் குளோவர் 2012இல் படகோட்டத்தில் தங்கம் வென்றார். ஹேண்ட்பால் அணிகள் இரண்டும் எல்லா ஆட்டத்திலும் தோற்றன. அந்த டிசம்பரிலேயே உயர்மட்ட நிதியும் நிறுத்தப்பட்டது. குளோவர் போய்ச் சேர்ந்த இடத்தில் கிளப்புகளும் பயிற்சியாளர்களும் போட்டிகளும் தலைமுறைகளாக இருந்தன. ஹேண்ட்பாலுக்கு வந்தவர்களுக்குக் கீழே அப்படி ஒரு தரை இல்லை. அந்த வீரர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. தரையைத்தான் முதலில் போட வேண்டும் என்று அவர்களைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

சரி, எங்கே தொடங்குவது? பெரிய விளையாட்டின் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய சீசன் எப்போது முடிகிறது, எந்த மாலைகளில் பயிற்சி இல்லை, எந்த வயதில் தேர்வு வைத்துப் பிள்ளைகளைக் கழிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்று உலகம் முழுக்க ஆடப்படும் கூடைப்பந்தே இப்படி ஒரு இடைவெளியில் பிறந்ததுதான். அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டில், அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் பேஸ்பாலுக்கும் நடுவே குளிர்காலத்தில் உள்ளே அடைந்து கிடந்த மாணவர்களுக்காக 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பழக்கூடைகளை ஆணி அடித்துத் தொங்கவிட்டார். கையிலிருந்த கால்பந்தையே கொடுத்தார்.

எங்களுக்கு இடைவெளியாக அமைந்தது பதின்மூன்று, பதினான்கு வயது. பெரிய விளையாட்டுகளின் அகாடமிகள் அந்த வயதில்தான் பலரையும் வீட்டுக்கு அனுப்புகின்றன. ஓடத் தெரிந்த, எறியத் தெரிந்த, அணியோடு பழகிய பிள்ளை திடீரென்று சனிக்கிழமை மாலையில் போக இடமில்லாமல் நிற்கும். அங்கிருக்கும் பயிற்சியாளரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். “உங்களால் எடுக்க முடியாதவர்களை என்னிடம் அனுப்புங்கள், அவர்கள் திரும்பி உங்களிடம் வர விரும்பினால் நான் தடுக்க மாட்டேன்” என்று சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். பெரிய விளையாட்டைப் பற்றி ஒரு குறைகூடப் பேசாதீர்கள். அந்தப் பிள்ளை இன்னும் அதை நேசித்துக்கொண்டுதான் இருக்கும்.

முதல் பயிற்சியை மிகக் கவனமாகத் திட்டமிடுங்கள். நான் நடத்திய முதல் வகுப்பில் இருபத்தைந்து நிமிடம் விதிகளை விளக்கினேன். பதினாறு பேர் வந்திருந்தார்கள். அடுத்த வாரம் ஐந்து பேர். இப்போது மூன்றே விஷயம் சொல்கிறேன்: பந்தோடு மூன்று காலடிக்கு மேல் வைக்கக் கூடாது, மூன்று நொடிக்கு மேல் பந்தைப் பிடித்திருக்கக் கூடாது, கோலைச் சுற்றியுள்ள ஆறு மீட்டர் கோட்டுக்குள் கோல்கீப்பர் தவிர யாரும் மிதிக்கக் கூடாது. மற்றதெல்லாம் ஆட ஆட வரும். பெரியவர்களுக்கும் முதல் நாள் 50 முதல் 52 செ.மீ. சுற்றளவுள்ள சிறிய பந்தையே கொடுங்கள். ஒரு கையில் அடங்கும் பந்து கிடைத்தால்தான் எறியத் தைரியம் வரும். ஏழு பேர் கணக்கை மறந்துவிடுங்கள்; நான்கு பேரும் ஒரு கோல்கீப்பரும் போதும். அந்த ஆட்டத்துக்குக் கூடைப்பந்துத் தளமே தாராளம்.

பத்து நிமிடத்துக்குள் ஒவ்வொருவரும் தாவி எறிந்து பார்த்திருக்க வேண்டும். ஆறு மீட்டர் கோட்டை மிதிக்கக் கூடாதே தவிர, அதற்கு மேலே காற்றில் பறக்கலாம். கோட்டுக்கு வெளியே கால் ஊன்றி எம்பி, தரையைத் தொடுவதற்குள் பந்தைக் கையிலிருந்து விட்டுவிட்டால் சரி. வலதுகைக்காரர் இடது காலில் எம்ப வேண்டும். நான் தரையில் மூன்று வட்டம் வரைந்து, இடது, வலது, இடது என்று நடக்கவிட்டு, பிறகு வேகத்தைக் கூட்டுவேன். மூன்றாவது முயற்சியில் ஒரு பிள்ளைக்கு அது கூடிவரும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நொடி மிதப்புக்காகத்தான் நானும் இந்த விளையாட்டில் நிலைத்தேன். உங்கள் விளையாட்டிலும் இப்படி ஒரு நொடி இருக்கும். அதைக் கண்டுபிடித்து முதல் நாளிலேயே கொடுத்துவிடுங்கள். திறமை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கோல்கீப்பராக நிற்க யாரும் முன்வர மாட்டார்கள். முறை வைத்து மாற்றுங்கள், மென்மையான பந்து பயன்படுத்துங்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளையையோ கனமான பிள்ளையையோ அங்கே நிறுத்திவிட்டால், அவர்களைத் திரும்பப் பார்க்க முடியாது.

ஒரு நோட்டு வாங்கி, வந்தவர் பெயரை எழுதுங்கள். இரண்டாம் வாரம் வந்தவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். முதல் வாரக் கூட்டம் ஆர்வத்தில் வருவது. இரண்டாம் வாரம்தான் உங்கள் வேலையைக் காட்டும். வராதவர்களிடம் அந்த வாரமே பேசுங்கள். ஏன் வரவில்லை என்று குடையாமல், அன்று அவர்கள் நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லி, அடுத்த பயிற்சி எப்போது என்று மட்டும் சொல்லுங்கள். எங்களிடம் நிலைத்தவர்களில் பாதிப் பேர் அப்படி ஒரு அழைப்புக்குப் பிறகு வந்தவர்கள்.

இடம் கிடைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். உள்ளரங்கங்களில் நல்ல நேரமெல்லாம் பெரிய விளையாட்டுகளுக்கு. கிடைக்கும் மோசமான நேரத்தை வாங்கிக்கொண்டு, அதை ஒரு நாளும் தவறவிடாமல் பயன்படுத்துங்கள். கோடுகளுக்கு, தரையில் பசை ஒட்டாத டேப்பைப் போட்டு, முடிந்ததும் உரித்துவிடுங்கள். பந்து வழுக்காமலிருக்க ஆட்டக்காரர்கள் கையில் பிசின் தடவுவது ஹேண்ட்பாலில் உண்டு. அது தரையிலும் சுவரிலும் கறையாக ஒட்டும். இரண்டாம் வருடம் எங்களில் சிலர் ஆசைப்பட்டுப் பிசின் கொண்டுவர நானும் விட்டுவிட்டேன். அடுத்த மாதமே அந்த அரங்கம் எங்களுக்குக் கதவை மூடியது. நான்கு மாதம் இடமில்லாமல் அலைந்தோம். தொடக்கத்தில் பிசினே வேண்டாம்.

இன்னொன்று, இதில் சமரசமே கூடாது: தூக்கிவைக்கும் கோல் சட்டங்களைத் தரையோடோ சுவரோடோ கட்டிப் பூட்டாமல் யாரையும் ஆட விடாதீர்கள். கம்பத்தில் தொங்கும் குழந்தை மீது சட்டம் கவிழ்ந்தால் உயிருக்கே ஆபத்து. பயிற்சிக்கு முன் நானே கையால் ஆட்டிப் பார்ப்பேன், இன்றும்.

இருபது பேர் சேர்ந்ததும் எல்லோருக்கும் ஒரு ஆசை வரும்: ஒரே பலமான அணியாக இருந்துவிடலாம் என்று. இருக்கக் கூடாது. எதிரணி இல்லாவிட்டால் வெறும் பயிற்சி மட்டும்தான் மிஞ்சும். ஒரு வருடத்தில் சலித்துவிடும். நான் எங்கள் சிறந்த ஆட்டக்காரி ஒருத்தியிடம் பத்துப் பேரையும் நான்கு பந்துகளையும் கொடுத்து, வேறொரு அரங்கில் தனியாகத் தொடங்கச் சொன்னேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆறே மாதத்தில் அவர்கள் எங்களைத் தோற்கடித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் பயிற்சிக்கு யாரும் தாமதமாக வருவதில்லை.

போட்டி என்றதும் பெரிய லீக்கைப் போல ஊர் ஊராகப் போகும் அட்டவணை போடாதீர்கள். பயணமே பாதிப் பேரைக் கழித்துவிடும். நான்கு அணிகளை ஒரே இடத்தில் ஒரே நாளில் கூட்டுங்கள். ஒவ்வொருவரும் மற்ற மூவரோடு மோதினால் ஆறு ஆட்டங்கள். இடைவேளையோடு ஆட்டத்துக்கு 25 நிமிடம் வைத்தால் இரண்டரை மணி நேரத்தில் முடியும். ஒரு ஆட்டத்தில் நொறுங்கித் தோற்ற அணிக்கு அடுத்த ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அழுதுகொண்டே வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

நடுவர்களை மறந்தால் எல்லாம் நிற்கும். ஹேண்ட்பாலுக்கு இரண்டு நடுவர்கள் வேண்டும். எங்கள் போட்டிகளில் ஒவ்வொரு அணியும் இரண்டு நடுவர்களோடுதான் வர வேண்டும்; பதினாறு வயதுப் பிள்ளைகளானாலும் சரி. அவர்களிடம் கத்தும் பயிற்சியாளரோ பெற்றோரோ அன்றைய மிச்ச ஆட்டங்களை வெளியே நின்றுதான் கழிக்க வேண்டும். ஒருமுறை நல்ல நண்பர் ஒருவரையே வெளியே அனுப்பினேன். விசில் ஊதிய அந்தப் பெண் இன்று எங்கள் மூத்த நடுவர்.

பார்வையாளர்கள் என்று யோசிக்கும் காலம் வரும்போது சின்ன இடமாகப் பாருங்கள். 1996இல் தொடங்கிய அமெரிக்கக் கால்பந்து லீக்கின் அணிகள், பிரம்மாண்டமான அமெரிக்கன் ஃபுட்பால் மைதானங்களில் காலி இருக்கைகளுக்கு நடுவே ஆடின. 1999இல் கொலம்பஸ் அணி தனக்கென்று சிறிய மைதானம் கட்டிக்கொண்டது. பிறகு மற்ற அணிகளும் அந்த வழிக்கு வந்தன. அறுபது பேர் நெருக்கியடித்து நிற்கும் அறையில் எழும் சத்தம், ஆயிரம் பேர் அரங்கில் அதே அறுபது பேரிடமிருந்து வராது. ஆட்டம் முடிந்த அன்றே முடிவுகளைப் பெயர்களோடு உள்ளூர்ப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுங்கள். பெயரில் ஒரு எழுத்தும் பிழை இருக்கக் கூடாது.

பணம் ஒரே கையிலிருந்து வர விடாதீர்கள். ஆடுகிறவர்கள் கட்டும் சந்தாவில் அரங்க வாடகை அடைபட வேண்டும். மற்ற உதவி எது வந்தாலும் பந்துக்கும் பயிற்சியாளர் படிப்புக்கும் போகட்டும். அந்த உதவி நின்றாலும் அடுத்த வாரம் கதவு திறக்கும்.

கடைசியாக, கதவின் சாவி. ஐந்தாம் வருடம் நான் காய்ச்சலில் படுத்தபோது மூன்று வாரம் பயிற்சி நடக்கவில்லை, சாவி என்னிடம் மட்டும் இருந்ததால். எழுந்ததும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் செய்யும் வேலைகளை எல்லாம் எழுதினேன்: அரங்கம் திறப்பது, கோல் கட்டுவது, வராதவர்களை அழைப்பது, நடுவர் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு பெயர்கள் வேண்டும், இரண்டும் என் பெயராக இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். எல்லா வரியும் நிரம்ப ஒன்றரை வருடம் ஆனது. போன மாதம் நான் சொல்லாமல் போய்ப் பார்த்தபோது, ஒரு பெண் கோல் சட்டத்தைக் கையால் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.