கோட்டா லிமிட்டுக்கு ரிக்ரஷன் டெஸ்ட்: அந்த 4 கேபி எங்கே போச்சு?

கோட்டா, அதாவது ஒரு யூசர் டிஸ்க்கில் எவ்வளவு இடம் பிடிக்கலாம் என்ற வரம்பு, வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொன்னால் நம்மில் பலரும் செய்வது ஒன்றுதான். ஒரு யூசருக்கு 10 எம்பி லிமிட் வைப்போம், 12 எம்பி எழுதிப் பார்ப்போம், எரர் வந்ததும் பாஸ் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். எனக்கு மாட்டிய பக்குகளில் எதுவும் இந்த டெஸ்டில் சிக்கியிருக்காது. ஏனென்றால் அவை எல்லாமே கணக்குத் தப்பும் ரகம்: அழித்த ஃபைல் கணக்கிலிருந்து கழியாது, ஓனர் மாறிய ஃபைல் இரண்டு பேர் தலையிலும் நிற்கும். அதனால் அந்த பக்குகள் திரும்பி வராமல் காவல் காக்கும் ரிக்ரஷன் டெஸ்டில், தடுத்ததா என்பதோடு, எந்த எரர் சொல்லித் தடுத்தது, தடுத்த பிறகு கணக்கு எவ்வளவு காட்டுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் களம். 1 ஜிபிக்கு ஒரு ஸ்பார்ஸ் ஃபைல் (எழுதிய பகுதிக்கு மட்டுமே இடம் பிடிக்கும் ஃபைல்) உருவாக்கி லூப் டிவைஸாக, அதாவது தனி டிஸ்க் போல மாட்டுங்கள். லிமிட் 10 எம்பிதான் என்றாலும் டிஸ்க் தாராளமாக இருக்கட்டும், இல்லையென்றால் கோட்டா தடுத்ததா, டிஸ்க்கே நிரம்பிவிட்டதா என்று குழம்புவீர்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் என்றால் ஃபார்மட் செய்யும்போதே கோட்டா ஃபீச்சரை ஆன் செய்து, பிளாக் (இடம் ஒதுக்கும் சிறு அலகு) அளவை 4096 பைட் என்று நீங்களே கொடுத்துவிடுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: ஃபீச்சர் இருந்தால் மவுண்ட் ஆனதுமே கணக்கு ஓட ஆரம்பித்துவிடும், ஆனால் யூசர் கோட்டா ஆப்ஷனோடு மவுண்ட் செய்வது, கோட்டாஆன் கமாண்ட் கொடுப்பது இரண்டில் ஒன்றைக்கூடச் செய்யாமல் விட்டால் லிமிட்டை யாரும் அமல்படுத்த மாட்டார்கள். ரிப்போர்ட்டில் எண்கள் அழகாக வரும், எதுவும் தடுக்கப்படாது.

இரண்டாவது பொறி ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள அட்மின் யூசர். எக்ஸ்ட்4-ல் ரூட்டாக எழுதினால், ஃபைல் யாருடையதாக இருந்தாலும் ஹார்ட் லிமிட் (சாதா யூசர் தாண்டவே முடியாத வரம்பு) மதிக்கப்படாது, கணக்கில் மட்டும் ஏறும். எழுதும் கமாண்டை எப்போதும் சாதா யூசராக மாறி ஓட்டுங்கள். நான் எழுதிய முதல் கோட்டா டெஸ்ட் லிமிட்டுக்குள் இருக்கும் கேஸ்களை மட்டும் பார்த்தது, அதுவும் ரூட்டாக; மாதக்கணக்கில் பச்சையாகவே ஓடிக்கொண்டிருந்தது, சந்தேகம் வரவே இல்லை.

சரி, இப்போது எண்கள். லிமிட் வைக்கும் செட்கோட்டா கமாண்டில் பிளாக் லிமிட் 1 கேபி கணக்கில் போகும், எனவே சாஃப்ட் (கொஞ்ச காலம் மட்டும் தாண்ட விடும் வரம்பு) 8192, ஹார்ட் 10240. ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் டைரக்டரிக்கும் ஒன்று போகும்) சாஃப்ட் 40, ஹார்ட் 50. யூசருக்கு ஒரு டைரக்டரி உருவாக்கி அவர் பெயருக்கு மாற்றிவிட்டு, டிடி கமாண்டை வைத்து 4 கேபி துண்டுகளாக எழுதிக்கொண்டே போங்கள். 2560 துண்டு போகும் என்றுதானே நினைப்பீர்கள்? 2559-லேயே நின்றுவிடும். அந்த 4 கேபி டைரக்டரி பிடித்த பிளாக், அதுவும் யூசர் கணக்கில்தான். அதே காரணத்தால் 50 ஐநோடுக்கு 49 காலி ஃபைல்தான் உருவாகும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தில் சின்ன டைரக்டரி ஐநோடுக்குள்ளேயே அடங்கிவிடும் என்பதால் இந்த 4 கேபி கழியாது. போதாக்குறைக்கு எக்ஸ்ட்4-ல் ஒரு ஃபைல் 4 எக்ஸ்டென்டுக்கு (அடுத்தடுத்து இருக்கும் பிளாக் வரிசைக்கு) மேல் சிதறினால் அந்தக் குறிப்பை வைக்கவே தனி பிளாக் போகும். அதனால் 2559 என்பதை டெஸ்டில் பதிக்காதீர்கள். எழுதும் முன் ரிப்போர்ட் எடுங்கள், எழுதி சிங்க் செய்து (மெமரியில் உள்ளதை டிஸ்க்குக்குத் தள்ளி) மறுபடி எடுங்கள், வித்தியாசத்தை ஃபைல் பிடித்த பிளாக்குகளோடு ஒப்பிடுங்கள்.

எரரையும் விடாதீர்கள். லினக்ஸில் யூசர் கோட்டா மீறினால் எரர் நம்பர் 122, டிஸ்க் நிரம்பினால் 28. ஆனால் எக்ஸ்எஃப்எஸ்ஸில் ப்ராஜெக்ட் கோட்டா (யூசருக்கு அல்லாமல் டைரக்டரிக்கு வைக்கும் வரம்பு) மீறினால் வருவது 28-தான், அது பக் இல்லை, அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். மெசேஜ் லோக்கேலுக்கு (மெஷினின் மொழி அமைப்புக்கு) ஏற்ப மாறும், நம்பரைப் பாருங்கள்.

சாஃப்ட் லிமிட்டில் சிக்கல் நேரம்தான். கிரேஸ் பீரியட் (சாஃப்ட்டைத் தாண்டிய பின் கிடைக்கும் அவகாசம்) வழக்கமாக 7 நாள், டெஸ்டுக்கு அதை 10 விநாடியாக்குங்கள். லிமிட்டைத் தாண்டும் முன்பே மாற்ற வேண்டும், ஏனென்றால் தாண்டும் கணத்திலேயே கெடு குறிக்கப்பட்டுவிடும். தாண்டியதும் ஒரு துண்டு எழுதுங்கள், போக வேண்டும். 12 விநாடி கழித்து இன்னொன்று, 122 வர வேண்டும். பிறகு சாஃப்ட்டுக்குக் கீழே வரும் அளவு அழித்துவிட்டு எழுதுங்கள், மறுபடி போக வேண்டும். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் கணக்கு தப்பும் இடங்கள். ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டே அழியுங்கள், மூடும் வரை கணக்கு குறையக்கூடாது, மூடியதும் குறைய வேண்டும். ரூட்டாக ஓனரை மாற்றுங்கள், ஒருவரிடம் கழிந்தது அப்படியே இன்னொருவரிடம் ஏற வேண்டும். காலி ஃபைலில் 500 எம்பி தள்ளிப் போய் ஒரே ஒரு துண்டு எழுதினால் 4 கேபிதான் ஏற வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஷட்டவுன் ஐஆக்டல் (கர்னலுக்கு நேராகக் கொடுக்கும் கட்டளை) கொடுத்து ஃபைல் சிஸ்டத்தைத் திடீரென நிறுத்தி, மறுபடி மவுண்ட் செய்து ஜர்னல் (மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவு) ஓடி முடிந்ததும் அன்மவுண்ட் செய்து, ஃபைல் சிஸ்டம் செக்கை 'எதையும் திருத்தாதே' என்ற மோடில் முழுதாக ஓட்டுங்கள். எக்ஸ்ட்4 செக்கர் கணக்கைப் புதிதாகக் கூட்டிப் பார்த்து, பொருந்தாவிட்டால் கோட்டா வார்னிங் கொடுக்கும்.

இதையெல்லாம் ஃபைல் சிஸ்டங்களுக்கான டெஸ்ட் தொகுப்பான எஃப்எஸ்டெஸ்ட்ஸில் (பழைய பெயர் எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ்) எழுதினால், எதிர்பார்க்கும் அவுட்புட்டைத் தனி ஃபைலில் வைப்பீர்கள், ஓடியதும் இரண்டையும் டிஃப் எடுத்துவிடும். டிவைஸ் பெயர், யூசர் ஐடி போன்றவற்றை ஃபில்டர் செய்துவிடுங்கள். கோட்டா குரூப்பை மட்டும் தனியாகவும் ஓட்டலாம். எஃப்எஸ்ஜிக்யூஏ என்ற யூசர் மெஷினில் இல்லையென்றால் அதை நம்பியிருக்கும் டெஸ்டுகள் ஃபெயில் ஆகாது, 'நாட் ரன்' என்று ஒதுங்கிவிடும், அந்தப் பட்டியலையும் பாருங்கள். புது டெஸ்டை மெர்ஜ் செய்யும் முன் பக்கைச் சரிசெய்த பேட்ச்சை ரிவர்ட் செய்து கர்னலை பில்ட் செய்து ஒரு முறை ஓட்டுங்கள். அங்கேயும் பாஸ் ஆனால் நீங்கள் டெஸ்ட் செய்வது வேறு எதையோ.