ஒன்பது குழி: தப்பும் தண்டனையும் உள்ள ஒரு சின்ன விளையாட்டைச் செய்யும் முறை

பத்து நிமிடத்தில் ஆடி முடிக்கலாம், போனில் உலாவியிலேயே ஓடும், படம் வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அப்படியொரு விளையாட்டுக்கான வழி இது. ஆடுபவர் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்து மண்டோர், அதாவது கங்காணி. பிளாட்பாரத்தில் அடுக்கி வைத்த குலைகளைப் பார்த்து, காயை வெட்டியவர் பேரை நோட்டில் எழுத வேண்டும், இல்லையென்றால் கண்டும் காணாமல் விட வேண்டும். மூன்று நாள், நாளுக்கு நான்கு குலை, மொத்தம் 12 முடிவு. இடம் மலேசியாவின் பீடோர், சுங்கை சிப்புட், பெஸ்தாரி ஜெயா மாதிரி ஒரு பட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு வரிசைக் கடை, ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஆறாங்கட்டையில் (ஆறாவது மைலில்) தோட்டம்.

கருவி டுவைன் 2, இணைப்பை அமுக்கிப் பக்கம் பக்கமாகப் போகும் கதைகளைச் செய்வது. இலவசம். கதை வடிவமாகச் சுகர்கியூப்பைத் தேர்ந்தெடுங்கள். ஆடியதை நினைவில் வைக்கும் வசதி அதில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. 22 பக்கம் போதும்: தலைப்பு, விதி, 12 குலை, 4 காலை, 3 மாலை, கடைசியில் நோட்டு.

முதலில் கணக்கு

நல்லது செய்தால் பரிசு, கெட்டது செய்தால் அடி என்று வைத்துவிட்டால் அங்கே மனச்சாட்சிக்கு வேலை இல்லை. எது லாபம் என்று பார்த்து அமுக்கிவிட்டுப் போவார்கள். 2007 இல் வந்த பயோஷாக் விளையாட்டு நல்ல பாடம். அதில் ஒரு சிறுமியைக் கொன்றால் 160 ஆடம் (புதுச் சக்திகளை வாங்க உதவுவது), காப்பாற்றினால் 80. ஆனால் மூன்று பேரைக் காப்பாற்றினால் 200 அன்பளிப்பாக வரும். மூவரையும் கொன்றவனுக்கு 480, காப்பாற்றியவனுக்கு 440. உயிர்களைக் கையில் கொடுத்துவிட்டு, கடைசியில் 40 தான் வித்தியாசம் என்று கணக்கு முடிகிறது.

இதற்கு நேர் எதிராக, 1985 இல் வந்த அல்டிமா 4 இல் மூலிகை விற்பவருக்குக் கண் தெரியாது. எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று நீங்களே எண்ணைத் தட்ட வேண்டும். குறைத்துக் கொடுத்தால் அந்த இடத்தில் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. உள்ளே நேர்மைக் கணக்கு மட்டும் இறங்கிக்கொண்டிருக்கும், வெகு நேரம் கழித்துத்தான் அது வழியை மறிக்கும்.

இன்னும் சின்னதாக வேண்டுமென்றால் 2008 இல் ஜெஸ்ஸி வென்ப்ரக்ஸ் வெளியிட்ட எக்ஸிகியூஷன். கம்பத்தில் கட்டப்பட்ட ஓர் ஆள், உங்கள் கையில் துப்பாக்கிக் குறி. சுட்டால் தோற்றீர்கள். மறுபடி திறந்தாலும் அவன் செத்தே கிடப்பான். சுடாமல் வெளியேறுவதுதான் வெற்றி.

நம் விளையாட்டுக்குப் பின்னவை இரண்டிலிருந்து மூன்றை எடுக்கிறோம்: கண்டிக்காத வாய், தாமதமாக வரும் விளைவு, அழியாத தடம்.

குலை

விதியை நீங்களாகக் கண்டுபிடிக்க வேண்டாம். மலேசிய செம்பனை வாரியத்தின் தர வரையறை கையிலேயே இருக்கிறது. குலையிலிருந்து பழம் உதிர்ந்த புதுக் குழி பத்தாவது இருந்தால் பழுத்த குலை. பத்துக்குக் குறைந்தால் அரைப்பழம். குழியே இல்லாமல் கறுத்திருந்தால் காய். காம்பு 5 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால் அதுவும் குறைதான், ஆனால் விளையாட்டில் அதைச் சேர்க்காதீர்கள்; "காம்பை நறுக்கிட்டு வை" என்று சொல்லித் தப்பிக்க ஒரு மூன்றாவது வழி திறந்துவிடும். மூன்றாவது வழி இருக்கும் இடத்தில் எல்லோரும் அதில்தான் போவார்கள்.

விதிப் பக்கத்தில் இரண்டே வரி (வெள்ளி என்றால் மலேசிய ரிங்கிட்): "பத்துக் குழி இருந்தால் பழம். குறைந்தால் வெட்டியவர் பேரை எழுது, 5 வெள்ளி பிடிப்பு."

குலைகளின் குழி எண்ணிக்கை இப்படி இருக்கட்டும். முதல் நாள் 14, 11, 10, 3. இரண்டாம் நாள் 12, 9, 10, 0. மூன்றாம் நாள் 9, 11, 9, 9. அந்த 3 முதல் நாளிலேயே வருவது ஆடுபவர் கை பழகுவதற்கு. அது தெளிவான தப்பு, எழுதிவிடுவார்கள், ஒன்றும் நடக்காது. அப்படித்தான் தோன்ற வேண்டும்.

எண்ணை எழுத்தில் போடாதீர்கள். குழிகளை வட்டங்களாகப் போடுங்கள், ஒரே வரிசையாக அல்லாமல் கலைத்து:

○ ○   ○
  ○ ○  ○
 ○   ○  ○

"குழி: 9" என்று இருந்தால் விரல் யோசிக்காது. வட்டமாக இருந்தால் ஒரு தடவை எண்ணுவார், ஒன்பது வரும், சந்தேகப்பட்டு இன்னொரு தடவை எண்ணுவார். அந்த இரண்டாவது எண்ணல்தான் இந்த விளையாட்டின் உயிர்.

பொத்தான்களில் "எழுது", "விடு" என்று மட்டும் இருக்கட்டும். "நேர்மையாக இரு", "இரக்கம் காட்டு" என்றெல்லாம் எழுதினால் தீர்ப்பை நீங்களே சொல்லிவிட்டீர்கள் என்று அர்த்தம். நேரக் கெடு வேண்டாம். அவசரத்தில் அமுக்கியவர், "அவசரத்தில் அமுக்கிட்டேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

காசு

விடுவதற்கும் விலை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாக் குலையையும் விட்டுவிட்டு நல்லவனாக வீட்டுக்குப் போய்விடலாம். மில்லில் மறுபடி தரம் பார்ப்பார்கள், மண்டோர் விட்ட குலை அங்கே மாட்டும். ஒரு நாளில் விட்ட முதல் குலைக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவதற்கு மண்டோர் சம்பளத்தில் 3 வெள்ளி, மூன்றாவதற்கு இன்னும் 6. இந்த ஏணி புதிதல்ல. 2013 இல் லூகாஸ் போப் வெளியிட்ட, எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டு பார்க்கும் பேப்பர்ஸ், ப்ளீஸ் விளையாட்டிலும் அன்றைய முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கைதான், அதற்கப்புறம்தான் அபராதம்.

மண்டோருக்கு நாளுக்கு 40 வெள்ளி, வீட்டுச் செலவு 36. மிச்சம் 4. மூன்று நாளில் 12. மூன்றாம் நாள் மாலை மகளின் பள்ளி பஸ்ஸுக்கு 10 வெள்ளி கட்ட வேண்டும். இப்போது போட்டுப் பாருங்கள். நாளுக்கு ஒரு குலையை மட்டும் விட்டவருக்கு 12 அப்படியே கையில் இருக்கும். இரண்டாம் நாள் 9, 0 இரண்டையும் விட்டவருக்கு 3 போய், 9 தான். பஸ்ஸுக்கு ஒரு வெள்ளி குறையும். மூன்றாம் நாள் மூன்று ஒன்பதையும் விட்டவருக்கு 9 போய், கையில் மூன்றே வெள்ளி. இரண்டு நாளும் எல்லாவற்றையும் விட்டவருக்கு மிச்சம் சுழி.

இந்த எண்களில் ஒன்றை மாற்றினால் மறுபடி எல்லாவற்றையும் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள். பஸ் காசு 8 ஆனால் இரண்டாம் நாள் இரண்டையும் விடுவது சும்மா கிடைத்துவிடும், கதையே தொய்ந்துபோகும்.

யார் குலை

மூன்று பேர் வேண்டும். ஒருவர் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கூடவே வளர்ந்தவர், உங்களை மச்சான் என்பார். அவருக்கு 3 குழிக் குலையும் மூன்றாம் நாள் முதல் ஒன்பதும். இரண்டாவது, புருஷன் வெட்ட, உதிரிப்பழம் பொறுக்கும் அக்கா. பிளாட்பாரத்தில் நிற்பது அவர்தான். அவருக்கு இரண்டாம் நாள் ஒன்பதும் மூன்றாம் நாள் ஒன்பதும். மூன்றாவது ஓர் இந்தோனேசியத் தொழிலாளி. அவருக்கு இரண்டாம் நாள் காயும் மூன்றாம் நாள் கடைசி ஒன்பதும்.

மூன்றாம் நாள் மூன்று ஒன்பதும் ஒரே படம், வட்டம் கலைந்திருக்கும் விதம்கூட மாறக்கூடாது. ஒன்றை விடலாம், சும்மா. யாரை?

கதையை 1960களின் பால்மர (ரப்பர்) தோட்டத்தில் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே இந்த மூன்றாமவர் அநேகமாக இல்லை. பழியெல்லாம் வெள்ளைக்காரத் துரை தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆடுபவர் கை சுத்தமாக இருக்கும். இன்றைய தோட்டத்தில் வைத்தால்தான் முள் குத்தும்.

கூப்பிடும் வார்த்தை

தண்டனையை இங்கேதான் வைக்கிறோம். ஒவ்வொரு நாளும் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் பேர் கூப்பிடும் இடத்தில், தொடங்கும். அங்கே மூவரும் ஆளுக்கொரு வரி பேசுவார்கள், எப்போதும் அதே வரிசையில், திரையின் அதே இடத்தில். ஆடுபவர் பேரை எழுதிய எண்ணிக்கையைப் பொறுத்து அந்த வரி மட்டும் மாறும்.

மச்சான், ஒரு தடவையும் எழுதாதபோது: "மச்சான், பசியாறிட்டியா?" ஒரு தடவை எழுதிய பின்: "மண்டோரே, பசியாறியாச்சா?" இரண்டு தடவைக்குப் பின் பக்கத்தில் நிற்பவரிடம்: "மண்டோர் வந்தாச்சு."

அக்கா: "தம்பி, பசியாறிட்டியாப்பா?" பிறகு "வாங்க தம்பி." பிறகு "வாங்க."

மரியாதை ஏற ஏற உறவு இறங்குவது தமிழ் காதுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இதற்கு இசை, சிவப்பு நிறம், "அவர் மனம் புண்பட்டது" என்ற விளக்க வரி எதுவும் சேர்க்காதீர்கள்.

இந்தோனேசியத் தொழிலாளி எல்லாக் காலையும் "பாகி, பாக் மண்டோர்" (காலை வணக்கம், மண்டோர் ஐயா) என்பார். எத்தனை தடவை எழுதினாலும் அதேதான். முதலிலிருந்தே அவருக்கு நீங்கள் வெறும் மண்டோர். அவர் பேரை எழுதினால் ஊரில் யார் முகமும் மாறாது. வலிக்காத இடம் எது என்று ஆடுபவர் கண்டுபிடிக்கிறாரா, கண்டுபிடித்ததும் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி.

இங்கே வழக்கமாகக் கெடுவது இரண்டு. வார்த்தை மாறியதை ஆடுபவர் கவனிக்காமலே போவது ஒன்று. காலை வரியைச் சுற்றி வானம், பனி, கொசு என்று வர்ணனை அடைத்திருப்பதுதான் காரணம். வெட்டி எறியுங்கள். இரண்டாவது, எழுதிய நொடியிலேயே அவரைக் கோபப்பட வைப்பது. எழுதும்போது மூவரும் பேசாமல் நிற்கட்டும். மறுநாள் காலை போதும். அதற்கு மேல் தள்ளினால் எதற்கு எது என்று பிடிபடாது.

அழியாத நோட்டு

பின்னால் போகும் பொத்தான் இருந்தால் மேலே சொன்ன அத்தனையும் வீண். சுகர்கியூப்பின் கான்ஃபிக் அமைப்பில் ஹிஸ்டரியின் மேக்ஸ்ஸ்டேட்ஸை (Config.history.maxStates) 1 ஆக்கி, கன்ட்ரோல்ஸை (Config.history.controls) ஃபால்ஸ் (false) ஆக்குங்கள். பக்கப்பட்டையை யூஐபார் டெஸ்ட்ராய் (UIBar.destroy()) கட்டளையால் எடுத்துவிடுங்கள். சேமிக்கும் பொத்தானும் அதோடு போய்விடும்.

நோட்டை மெமரைஸ் (memorize) செயல்கூற்றால் உலாவியில் எழுதி, ரீகாலால் (recall) எடுக்க வேண்டும். எழுதும் இடம் முக்கியம். "எழுது" இணைப்பை அமுக்கிய அந்த நொடியிலேயே மெமரைஸ் ஓட வேண்டும். கடைசிப் பக்கத்தில் வைத்தால், பாதியில் சன்னலை மூடியவர் தப்பித்துவிடுவார். மாறிகளின் பேரை ஆங்கில எழுத்தில் வையுங்கள், தமிழில் வைத்தால் சுகர்கியூப் ஏற்காது. பக்கங்களின் பேர் தமிழில் இருக்கலாம்.

அடுத்த தடவை திறந்தால் தலைப்புக்கு முன்னால் பழைய நோட்டு வர வேண்டும், புது வரிகள் அதற்குக் கீழே சேர வேண்டும். ஆனால் உறவு மட்டும் முதலிலிருந்தே தொடங்கட்டும். அதையும் தொடர வைத்தால் இரண்டாவது தடவை ஆடுபவருக்கு முகம் திருப்பிய ஊர்தான் கிடைக்கும், மாற்றிப் பார்க்க இடமே இருக்காது. எக்ஸிகியூஷனில் அது சரிப்பட்டது, ஏனென்றால் அது ஒரு நிமிட விளையாட்டு.

வீட்டில் ஒரே போனை நாலு பேர் பயன்படுத்துவார்கள். அண்ணன் எழுதியதைத் தங்கை பார்ப்பாள். அதைத் தடுக்க வேண்டாம், நோட்டு என்றால் பிறர் படிப்பதுதானே. சோதனைக்காக மட்டும் தலைப்பை ஏழு தடவை தட்டினால் நோட்டு அழியும்படி ஒரு கள்ள வழி வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள்.

கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். சில போன்களில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடாத பார்வைச் செயலியில் திறந்து வெறும் பக்கம் காட்டும். இணையத்தில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள். மறைவுச் சன்னலில் ஆடினால் மூடியதும் நோட்டு மறைந்துவிடும், அதற்கு வழியில்லை.

எழுத்து

எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், அளவு 18 பிக்சல், வரி இடைவெளி 1.6. ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சாகும் வித்தையை ஒதுக்குங்கள். "மச்சான்" என்பது ம, மச, மச், மச்ச, மச்சா, மச்சான, மச்சான் என்று முளைக்கும். புள்ளி வருமுன் கண் தப்பாகப் படித்துவிடும். வேண்டியே தீரும் என்றால் ஜாவாஸ்கிரிப்டின் Intl.Segmenter கருவியால் முழு எழுத்தாக வெட்டுங்கள். டுவைனை விட்டு கோடோ (Godot) என்ற விளையாட்டுக் கருவிக்குப் போகிறவர்கள் நான்காம் பதிப்புக்கே போங்கள். மூன்றில் கொம்பு எழுத்தைத் தாண்டிப் போய் நிற்கும்.

ஆளை வைத்துப் பார்ப்பது

ஐந்து பேர் போதும், இரண்டு பேராவது தோட்டத்தில் வேலை பார்த்தவராக இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் விரலை மட்டும் பாருங்கள். எந்தக் குலையில் விரல் தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆடி முடித்ததும் ஒரே கேள்வி: "மூணாவது நாள் யார் பேரை எழுதினீங்க?" நினைவில்லை என்றால் மூவரின் குரலும் ஒன்றுபோல் இருக்கிறது, திருத்துங்கள். "என்னைத் திட்டுது" என்றால் எங்கோ ஒரு விளக்க வரி ஒட்டிக்கொண்டிருக்கிறது, தேடி எடுங்கள். தோட்டத்துப் பெரியவர்கள் நிறத்தையும் பார்க்க வேண்டும் என்பார்கள், எங்கள் தோட்டத்தில் உதிரிக் கணக்கு வேறு என்பார்கள். இரண்டும் உண்மை. அவர்கள் எண்ணிக்கையைச் சொன்னால் அந்தத் தோட்டத்துக் கணக்கையே விதியாகப் போடலாம், ஆனால் மூன்றாம் நாள் குலை அதற்கு ஒன்று குறைவாகவே இருக்க வேண்டும்.

கடைசிப் பக்கம் நோட்டு மட்டும். தேதி, பேர், குழி எண்ணிக்கை, பிடித்த 5 வெள்ளி. எண் எழுத்தில் வருவது இங்கே மட்டும்தான். "முற்றும்" போடாதீர்கள், மதிப்பெண் போடாதீர்கள். கீழே ஒரு வரி இருக்கட்டும்: "நாளைக்குப் பெரட்டு 6 மணி."