மூளை அலையா, ஃபேன் இரைச்சலா? இஇஜி ப்ராஜெக்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளையால் ஓடும் சக்கர நாற்காலி, தூங்கி விழும் டிரைவரை எழுப்பும் ஹெல்மெட், வலிப்பைக் கண்டுபிடிக்கும் மென்பொருள். ஓசூர், பர்கூர், தருமபுரி பக்கத்து இன்ஜினியரிங் மாணவர்கள் இறுதியாண்டுக்கு மூளை சம்பந்தமாக ஏதாவது செய்யலாம் என்று உட்கார்ந்தால், பேச்சு பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் நிற்கும். மூன்றுக்கும் அடிப்படை இஇஜி: தலைத்தோலில் எலக்ட்ரோடு வைத்து மூளையின் மின் அலையை அளப்பது. மூன்றும் சறுக்குகிற இடமும் ஒன்றுதான். அல்காரிதத்துக்கு மூன்று மாதம் செலவாகிறது, எலக்ட்ரோடு ஒட்ட மூன்று நிமிடம். தோலில் விட்டதைப் பைத்தானில் பிடிக்க முடியாது.

முதலில் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். தலைத்தோலில் கிடைக்கும் இஇஜி சுமார் 10 முதல் 100 மைக்ரோவோல்ட். மார்பில் எடுக்கும் ஈசிஜி ஏறக்குறைய 1 மில்லிவோல்ட், அதாவது பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை பெரியது. ஒருமுறை கண் சிமிட்டினாலே நெற்றியில் நூறு மைக்ரோவோல்ட்டைத் தாண்டும் மேடு விழும். இந்தப் பக்கம் ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டின் ஏடிசி, அதாவது மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி, 10 பிட். 5 வோல்ட்டை 1024 படியாகப் பிரிக்கிறது, ஒரு படி 4.9 மில்லிவோல்ட். 50 மைக்ரோவோல்ட் அலையை ஆயிரம் மடங்கு பெருக்கினாலும் 50 மில்லிவோல்ட்தான் ஆகும், பத்தே படி. அலை வர வேண்டிய இடத்தில் படிக்கட்டு வரும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று ஏடி8232 போர்டைத் தலைக்கு வைப்பது இதோடு சேர்ந்த தவறு. அது இதயத் துடிப்புக்காகவே செய்த சிப். திரையில் ஏதோ ஆடும், ஆடுவதெல்லாம் மூளை என்று நம்பிவிடுவோம். மூளைக்கென்று செய்த ஏடிஎஸ்1299 சிப்பில் 24 பிட் ஏடிசி, 8 சேனல், 24 மடங்கு வரை பெருக்கம் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. விலை அதிகம்தான். நான்கு பேர் கொண்ட குழு, கல்லூரித் துறை மூலமாக ஒரே ஒரு போர்டு வாங்கிப் பகிர்ந்துகொள்வது, ஆளுக்கொரு பொம்மை வாங்குவதைவிட மேல். அதுவும் முடியாதென்றால் கைத்தசை சிக்னலான ஈஎம்ஜிக்கு மாறிவிடலாம். அது மில்லிவோல்ட் கணக்கில் வரும், ஆம்ப்ளிஃபயரில் பெருக்கிக் கொடுத்தால் ஊனோவுக்கே போதும். செயற்கைக் கைக்கு நிஜமாகவே பயன்படுவதும் அதுதான்.

எண்ணெய் வைத்த தலை

நம்மூரில் இஇஜிக்கு முதல் எதிரி தேங்காய் எண்ணெய். காலையில் எண்ணெய் தடவி வாரிக்கொண்டு வந்த தலையில் எந்தப் பேஸ்ட்டும் தோலைத் தொடாது; எண்ணெய்ப் படலம் மின்சாரத்தைத் தடுத்துவிடும். ரெக்கார்டிங்குக்கு முந்தைய இரவே ஷாம்பு போட்டுக் குளித்து, கண்டிஷனரும் எண்ணெயும் வைக்காமல், முடியை முழுக்க உலர்த்திவிட்டு வரச் சொல்லுங்கள். பூ வைத்திருந்தால், கிளிப் போட்டிருந்தால் எடுத்துவிட வேண்டும்.

ஒட்டும் முறை இது. சீப்பின் வால் முனையால் முடியை வகிடு பிரித்து, தோல் வெள்ளையாகத் தெரிய வேண்டும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, அது காய்ந்ததும் தோலைச் சற்றே சுரண்டும் ஜெல்லைக் காதுகுடையும் பஞ்சுக் குச்சியில் எடுத்து ஐந்தாறு தடவை சுழற்றித் தேய்க்க வேண்டும். தோல் லேசாகச் சிவந்தால் போதும், ரத்தம் எட்டிப்பார்க்கக் கூடாது. பிறகு கப் எலக்ட்ரோடு நிறையும் அளவுக்குக் கடத்தும் பேஸ்ட் வைத்து அழுத்தி, மேலே ஒரு துண்டு காஸ் துணி. பேஸ்ட் வழிந்து பக்கத்து எலக்ட்ரோடைத் தொட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். இரண்டு சேனலிலும் ஒரே அலை வந்தால் 'அருமையான ஒத்திசைவு' என்று ரிப்போர்ட்டில் எழுதும் முன் தலையைப் பாருங்கள்.

இம்பீடன்ஸ், அதாவது எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் நடுவே இருக்கும் மின் தடை, 5 கிலோஓமுக்குக் கீழே இருப்பது நல்லது. அதைவிட முக்கியம், எல்லா எலக்ட்ரோடிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பது. ஒன்று 3, இன்னொன்று 40 என்றிருந்தால், உடம்பு முழுக்க ஒன்றுபோல ஏறியிருக்கும் சுவர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஆம்ப்ளிஃபயருக்கு வித்தியாசமாகத் தெரியும். அதையும் சேர்த்தே பெருக்கிக் கொடுக்கும். ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இதில் தப்பாது. இதை அளக்க மல்டிமீட்டரை ஓமில் வைத்துத் தலையில் தொடவே கூடாது. அது தலை வழியே டிசி அனுப்பும். எலக்ட்ரோடில் மின்னேற்றம் தேங்கும் (போலரைஸ் ஆகும்), மீட்டர் காட்டும் எண்ணும் பொய்யாகும், அடுத்து வரும் சிக்னலும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அளக்க வேண்டியது 10 முதல் 30 ஹெர்ட்ஸ் பக்கத்து ஏசியில். ஏடிஎஸ்1299 வெறும் 6 நானோஆம்பியரில் இதைத் தானே செய்யும்.

தங்க முலாம் கப்பும் வெள்ளி-வெள்ளிக் குளோரைடு கப்பும் பெட்டியில் கலந்து கிடக்கும், கைக்கு வந்ததை மாட்டிவிடுவோம். இரு வேறு உலோகம் என்றால் நடுவே ஒரு சின்ன பேட்டரியே உருவாகிவிடுகிறது. அந்த டிசி, மூளை சிக்னலைவிட ஆயிரம் மடங்கு பெரியதாக இருக்கலாம். திரையில் தட்டையான நேர்கோடு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இடம் குறிப்பதையும் கண்ணளவில் விட வேண்டாம். நரம்பியல் அறிஞர் ஜாஸ்பர் 1958-இல் வெளியிட்ட 10-20 முறைக்குத் தையல்காரர் டேப் போதும். இரு புருவத்துக்கு நடுவே மூக்கு தொடங்கும் பள்ளத்திலிருந்து, பின்மண்டையில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முண்டு வரை உச்சி வழியாக அளக்கவும். 36 செ.மீ. என்றால் முண்டிலிருந்து பத்தில் ஒரு பங்கு, 3.6 செ.மீ. மேலே ஒரு புள்ளி. தலைச் சுற்றளவு 56 செ.மீ. என்றால் அந்தப் புள்ளியிலிருந்து இடமும் வலமும் 5 சதவீதம், அதாவது 2.8 செ.மீ. தள்ளி ஓ1, ஓ2. பார்வைப் பகுதிக்கு நேர் மேலே இருக்கும் இடங்கள் இவை.

மூளை வருகிறதா என்று பார்க்க இதைவிட எளிய சோதனை கிடையாது: ஓ1, ஓ2-இல் எலக்ட்ரோடு, காதுக்குப் பின் எலும்பில் ஒப்பிட ஒரு ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு, 30 வினாடி கண் திறந்து, 30 வினாடி கண் மூடி. கண் மூடியதும் 10 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு எழும்பி, திறந்ததும் அடங்க வேண்டும். 1929-இல் ஹான்ஸ் பெர்கர் உலகுக்குக் காட்டிய அதே ஆல்ஃபா அலை. சிலருக்கு இயல்பிலேயே அது சிறியது, அதனால் மூன்று நான்கு பேரிடம் பாருங்கள். ஒருவரிடமும் வரவில்லை என்றால் அடுத்த கட்டத்துக்குப் போகவே வேண்டாம்.

50 ஹெர்ட்ஸ் செய்யும் வேலை

இணையத்தில் இறக்கிய கோடில் 60 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் இருக்கும். அமெரிக்க மின்சாரத்துக்காக எழுதியது அது. நம் சுவரில் வருவது 50. ஃபில்டர் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் வாரக்கணக்கில் இரைச்சலோடு மல்லுக்கட்டுவார்கள்.

இதைவிட நுட்பமான பொறி சாம்ப்ளிங், அதாவது அலையை வினாடிக்கு எத்தனை முறை அளந்து எடுப்பது என்பது. வினாடிக்கு 60 முறை மட்டும் எடுத்தால், 50 ஹெர்ட்ஸ் மடிந்து 10 ஹெர்ட்ஸாக வந்து உட்கார்ந்துகொள்ளும், சரியாக ஆல்ஃபாவின் நாற்காலியில். அதற்கப்புறம் எந்த ஃபில்டராலும் இரண்டையும் பிரிக்க முடியாது. 250-க்குக் குறையாமல் எடுங்கள், ஏடிசிக்கு முன்னாலேயே அனலாக் லோ-பாஸ் ஃபில்டர் வையுங்கள். ஆர்டுயினோவில் டிலே போட்டுச் சாம்பிள் எடுத்தால் இடைவெளி ஒரே சீராக இருக்காது, டைமர் இன்டரப்ட் வேண்டும். சீரியல் வேகம் 9600 என்றால் வினாடிக்கு 960 எழுத்துதான் போகும். ஒரு சாம்பிளுக்கு ஐந்து எழுத்து என்றால் 192 சாம்பிள்தான் உச்சம். 115200-க்கு மாற்றுங்கள்.

ஃபேன், ட்யூப் லைட், லேப்டாப் சார்ஜர் மூன்றையும் அணைத்துவிட்டு ரெக்கார்ட் செய்யுங்கள். எலக்ட்ரோடு வயர்களை ஜடை போலப் பின்னிவிட்டால் காந்தப்புல இரைச்சல் குறையும். கரண்ட் போனால் இன்வர்ட்டரில் தொடர வேண்டாம். சதுர அலை இன்வர்ட்டர் 50-ஓடு 150, 250 ஹெர்ட்ஸையும் சேர்த்துத் தரும்.

சார்ஜரைக் கழற்றச் சொல்வது இரைச்சலுக்காக மட்டும் கிடையாது. எர்த்துக்கான மூன்றாவது பின் பேருக்கு மட்டும் இருக்கும் கட்டடங்கள் நம் பக்கம் ஏராளம். தோலைத் தேய்த்து, பேஸ்ட் வைத்து, மின் தடையைக் குறைத்து வைத்திருக்கும் தலையோடு சுவர் மின்சாரத்தை ஒரே சர்க்யூட்டில் வைப்பது உயிரோடு விளையாட்டு. பேட்டரியும் ப்ளூடூத்தும், அல்லது தரமான யூஎஸ்பி ஐசோலேட்டர். இதில் 'இந்த ஒரு தடவை மட்டும்' என்பது கிடையாது. 9 வோல்ட் பேட்டரியைத் தலையில் இணைத்து மூளையைத் தூண்டும் வீடியோக்களைப் பார்த்து முயல்வதும் வேண்டாம். மின்னோட்டக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் எலக்ட்ரோடின் கீழே தோல் வெந்துவிடும்.

ஓடியது நாற்காலி, ஓட்டியது தாடை

பல்லைக் கடித்தால், புருவத்தைச் சுருக்கினால் வரும் தசை அலை 20 ஹெர்ட்ஸிலிருந்து நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை பரவும். ஆல்ஃபாவைவிட வேகமான பீட்டா மூளை அலை இருக்கும் இடமும் அதுதான். 'கவனம் குவித்ததும் பீட்டா ஏறியது' என்ற முடிவுகளில் நிறைய புருவச் சுருக்கம் ஒளிந்திருக்கிறது. கண் சிமிட்டி நாற்காலியை ஓட்டுவதில் தவறே இல்லை, கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவருக்கு அது பெரிய உதவி. தலைப்பில் 'கண் அசைவால்' என்று போட்டால் போதும்.

ஹெல்மெட் விஷயத்தில் எங்கள் கருத்து கொஞ்சம் கடுமையானது. தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரி டிரைவரின் தூக்கத்தை இஇஜியால் பிடிக்கலாம் என்பது காகிதத்தில் அழகு. ஓடும் வண்டியின் அதிர்வில் வயர் ஆடும், வியர்வையில் சிக்னலின் அடிக்கோடு மேலும் கீழும் மிதக்கும். அதிர்வின் அதிர்வெண்ணும் தூக்கத்தைக் காட்டும் மெதுவான தீட்டா அலையும் ஆல்ஃபாவும் ஒரே பட்டையில் விழும். கண் இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்பதைக் கேமராவில் பார்ப்பது எளிது, நம்பகமும் கூட. எலக்ட்ரோடு வைத்த ஹெல்மெட்டை எட்டு மணி நேரம் யார் போட்டுக்கொண்டு ஓட்டுவார்?

திரையில் வெவ்வேறு வேகத்தில் மினுக்கும் கட்டங்களில் ஒருவர் எதைப் பார்க்கிறார் என்பதை இஇஜியிலிருந்து கண்டுபிடிக்கும் முறையில் திரையின் கணக்கு முக்கியம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் சுத்தமாக வருவது 60-ஐ முழு எண்ணால் வகுத்தவை: 15, 12, 10, 8.57, 7.5. 11, 13 என்று கேட்டால் ஃப்ரேம் தடுமாறும். 7.5-ஐயும் 15-ஐயும் சேர்த்து வைத்தாலும் குழப்பம், ஏனென்றால் 7.5-இன் இரட்டிப்பு 15. வேகமான மினுக்கல், குறிப்பாக 15 முதல் 25 ஹெர்ட்ஸ், ஒளியால் வலிப்பு வருபவர்களுக்கு ஆபத்து. உட்கார்பவரிடமும் வீட்டாரிடமும் வலிப்பு உண்டா என்று முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவம் அவர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் அது தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கலாம். கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதியை முதல் ரெக்கார்டிங்குக்கு முன்பே வாங்க வேண்டும். பிறகு வாங்கித் தேதி போடுவது மோசடி.

99 சதவீதம் வந்தால் சந்தேகப்படுங்கள்

பத்து நிமிடம் 'இடது' என்று நினைக்கச் சொல்லி, அடுத்த பத்து நிமிடம் 'வலது' என்றால், நடுவே பேஸ்ட் காய்ந்திருக்கும், ஏப்ரல் வெயிலில் தலை வியர்த்திருக்கும், ஆளுக்கே தூக்கம் வந்திருக்கும். அலையைப் பார்த்து இடது, வலது என்று பிரிக்கப் பழக்கும் மாடல் அந்த மாற்றத்தைத்தான் கற்கும். இடதையும் வலதையும் சீட்டுக் குலுக்கியதுபோல மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒரே ரெக்கார்டிங்கை ஒன்றின் மேல் ஒன்று ஏறும் துண்டுகளாக வெட்டி, கலைத்து, பயிற்சிக்கும் தேர்வுக்கும் பிரித்தால் கேள்வித்தாள் முன்பே வெளியானது போலத்தான். தேர்வுக்கு வேறு நாள், முடிந்தால் வேறு ஆள். இரண்டே விடை, 20 முயற்சி என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 14 அல்லது அதற்கு மேல் சரியாக வர நூற்றில் ஆறு வாய்ப்பு உண்டு. 70 சதவீதம் என்று குதிக்க அதில் ஒன்றுமில்லை.

வலிப்பு ப்ராஜெக்ட்டுகள் அதிகம் சாய்வது ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் 2001-இல் வெளியிட்ட டேட்டா மேல். அதில் ஐந்து தொகுப்புகள், ஒவ்வொன்றிலும் 100 துண்டுகள், துண்டுக்கு 23.6 வினாடி. ஆரோக்கியமானவர்களின் இரண்டு தொகுப்புகளும் தலைத்தோலில் எடுத்தவை. நோயாளிகளின் மூன்றும் மண்டைக்குள் வைத்த எலக்ட்ரோடில் எடுத்தவை. 'ஆரோக்கியம் எதிர் வலிப்பு' என்று பிரித்து 99 சதவீதம் வந்தால், மாடல் பிரித்தது மண்டைக்கு வெளியே எதிர் உள்ளே என்பதாகவும் இருக்கலாம். நோயாளிகளின் தொகுப்புகளுக்குள்ளேயே, வலிப்பு வந்த நேரத்தையும் வராத நேரத்தையும் பிரித்துக் காட்டினால்தான் பேச்சு. அப்போதும் அதை யாருக்கும் நோய் சொல்லப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு நரம்பியல் மருத்துவர் வேண்டும்.

சீசன் என்றால் கிருஷ்ணகிரியில் ஒரு சோதனை மலிவு. ஒரு மாம்பழத்தில் அதே எலக்ட்ரோடுகளை அதே பேஸ்ட்டில் ஒட்டி, அதே புரோகிராமை ஓடவிடுங்கள். 2009-இல் பென்னட்டும் உடன் ஆய்வாளர்களும் செத்துப்போன சால்மன் மீனை, மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐயில் வைத்து, புள்ளியியல் திருத்தம் செய்யாவிட்டால் அதன் மூளையும் 'வேலை செய்வதாக' வரும் என்று காட்டினார்கள். மாம்பழம் 'இடது' என்று உறுதியாகச் சொன்னால் ரிவ்யூவுக்கு முன் தெரிந்துகொண்டது நல்லதே.

ரெக்கார்டிங் முடிந்ததும் கப்பை அப்படியே பெட்டியில் போட வேண்டாம். பேஸ்ட் காய்வதற்குள் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மென்மையான பழைய பல்துலக்கும் பிரஷால் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். கம்பி நாரால் தேய்த்தால் வெள்ளிக் குளோரைடு பூச்சு போய்விடும். அடுத்த ரெக்கார்டிங்கில் அடிக்கோடு மிதக்க ஆரம்பிக்கும்.