வீட்டுல இருந்து வேலை பாக்குற டீமை சமாளிக்கறது எப்படி

ஆபீஸ் போகாம வீட்டுல இருந்தே வேலை பாக்குறதுக்கு டெலிகம்யூட்டிங்ங்கிற பேரை அமெரிக்க இன்ஜினியர் ஜாக் நில்ஸ் 1973லயே வச்சிட்டாரு, ஆனா இன்னும் பல மேனேஜருங்க ஆன்லைன்ல பச்சை லைட் எரியுதான்னு தான் பாத்துட்டு இருக்காங்க. மவுஸை ஆட்டி விட்டா அது எரியும்ங்க. வேலை முடிஞ்சுதா, அத மட்டும் பாருங்க.

அதுக்கு வேலைய கொடுக்கும்போதே தெளிவா எழுதி கொடுக்கணும். "அந்த ரிப்போர்ட்ட கொஞ்சம் பாருங்க"ன்னு மெசேஜ் போட்டா அவர் பாத்துட்டு ஓகேன்னு போயிருவார், தப்பு அவர் மேல இல்ல. "மூணாவது பக்க கணக்கை சரிபாத்து, தப்பிருந்தா திருத்தி, வியாழன் மதியம் 3 மணிக்குள்ள அனுப்புங்க"ன்னு போடுங்க, நடுவுல போன் பண்ற தேவையே வராது.

தினம் டீம் மொத்தத்தோடயும் ஒரு ஆன்லைன் கால், 15 நிமிஷம், அவ்ளோதான். நான் ஆரம்பத்துல ஒரு மணி நேரம் இழுத்தேன், பாதி பேர் மியூட்ல போட்டுட்டு வேற வேலை பாத்தாங்க. ஆளுங்க வேற வேற டைம் ஸோன்ல இருந்தா, எல்லாரும் முழிச்சிருக்கற ரெண்டு மணி நேரத்தை பொதுவா வச்சுக்கிட்டு மத்ததெல்லாம் எழுத்துல போட்டுடுங்க.

வாரம் ஒரு தடவை ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா பேசுங்க. வளவளன்னு பேசுறவர் ரெண்டு நாளா "ம்", "சரி"ன்னு மட்டும் பதில் போட்டா எங்கயோ மாட்டிக்கிட்டு முழிக்கிறார்னு அர்த்தம், நீங்களா கேட்டா தான் வெளிய வரும். திட்டறதா இருந்தா க்ரூப்ல வேணவே வேணாம்.