காயம்பட்ட மூளையில் மைக்ரோகிளியாவை (மூளையின் நோய் எதிர்ப்புச் செல்களை) பார்ப்பது எப்படி?

எலி மூளையை, திசு கெடாமல் காக்கும் 4 சதவீத பாராபார்மால்டிஹைடு கரைசலில் ஓர் இரவு வைத்துவிட்டு, 30 சதவீத சுக்ரோஸ் கரைசலுக்கு மாற்றுங்கள். அது அடியில் போய் உட்காரும்வரை காத்திருங்கள். இரண்டு மூன்று நாள் ஆகும். அவசரப்பட்டு உறையவைத்தால் பனிப் படிகம் திசுவைக் கிழித்துவிடும். அப்படி ஒரு மூளையை நான் வீணாக்கியிருக்கிறேன். ஓர் உயிர் கொடுத்தது அல்லவா, இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம் உறையவைத்து, 40 மைக்ரான் தடிமனில் சீவி, மைக்ரோகிளியாவில் உள்ள ஐபா1 என்ற புரதத்தோடு ஒட்டும் எதிர்ப்பொருளில் 4 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள், அந்த எதிர்ப்பொருளோடு ஒட்டி ஒளிரும் இரண்டாம் எதிர்ப்பொருள்.

நுண்ணோக்கியில் முதலில் காயம்படாத பக்கத்தைப் பாருங்கள்: சின்ன உடல், முருங்கைக் கிளைபோல மெல்லிய கைகள். பிறகு மெல்லக் காயத்தை நோக்கி நகருங்கள். கைகள் தடித்துக் குட்டையாகி, விளிம்பில் உருண்டை உருண்டையாகத் திரண்டிருக்கும். ஆனால் ரத்தத்திலிருந்து வந்த மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல்லிலும் ஐபா1 இருப்பதால் அதுவும் ஒளிரும். எல்லா உருண்டையையும் மைக்ரோகிளியா கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.