பழைய காசு கைக்கு வந்ததும் செய்யக் கூடாதவை

அத்திவாரம் வெட்டும்போதோ தோட்டம் கொத்தும்போதோ அம்மம்மாவின் பெட்டகத்தைக் கிளறும்போதோ ஒரு பழைய காசு அகப்படுவது யாழ்ப்பாணத்தில் பெரிய அதிசயம் அல்ல. கந்தரோடை மண்ணில் முத்திரை குத்திய வெள்ளிக் காசும் வந்திருக்கிறது, ரோமக் காசும் வந்திருக்கிறது. 1658 முதல் 1795 வரை இங்கே ஆண்ட ஒல்லாந்தரின் செப்புத் துட்டு இன்னமும் சில வீடுகளில் கிடக்கிறது. கெடுதல் எல்லாம் பெரும்பாலும் காசு கைக்கு வந்த முதல் ஒரு மணித்தியாலத்துக்குள்தான் நடக்கிறது.

முதலில் எல்லாரும் தேடுவது புளியை. புளி இல்லாவிட்டால் தேசிக்காய், அதுவும் இல்லாவிட்டால் சாம்பலோ பற்பசையோ. தயவுசெய்து வேண்டாம். பல நூற்றாண்டு மண்ணில் கிடந்த செப்புக் காசின் மேற்பரப்பு இப்போது வெறும் செம்பு அல்ல. அது மெல்ல மெல்லக் கனிமப் படலமாக மாறிவிட்டது. அரசனின் உருவமும் எழுத்தும் பெரும்பாலும் அந்தப் படலத்தில்தான் தங்கியிருக்கின்றன. புளியின் அமிலம் அதைக் கரைத்ததும் உங்கள் கையில் மிஞ்சுவது இளஞ்சிவப்பான ஒரு வெறும் தகடு. வெள்ளிக் காசையும் துலக்க வேண்டாம். அச்சில் விழுந்தபோது உண்டான இயல்பான மினுக்கம் ஒருமுறை தேய்ந்தால் திரும்ப வராது. சேகரிப்பவர்கள் துலக்கிய காசைப் பார்த்த உடனே கண்டுபிடித்து விலையைக் குறைத்துவிடுவார்கள். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, மென்மையாக ஒற்றி, நன்றாக உலரவிட்டால் போதும்.

பச்சை எல்லாம் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இறுக்கமாக, வழுவழுப்பாக இருக்கும் கரும்பச்சை காசுக்குப் பாதுகாப்பு. வெளிர்பச்சை நிறத்தில் மாவு மாதிரி உதிர்ந்தால் அது நோய். உப்பிலுள்ள குளோரைட்டு, செம்பு, ஈரப்பதம் மூன்றும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்க, அந்த அமிலம் இன்னும் செம்பைத் தின்னும். கடலும் களப்பும் சூழ்ந்த குடாநாட்டில், அதுவும் கார்த்திகை, மார்கழி மழையில் இது வேகமாகப் பரவும். அப்படியான காசை உடனே மற்றக் காசுகளிலிருந்து பிரித்து, காய்ச்சி வடித்த நீரை அடிக்கடி மாற்றி மாற்றி நாட்கணக்கில் ஊறவைத்து, ஈரமே இல்லாமல் உலர்த்தி, சிலிக்கா ஜெல் பையோடு வைக்க வேண்டும். மலிவான மெதுமெதுப்பான பிளாஸ்டிக் உறைகளும் ஆபத்து. நாளடைவில் காசின் மேல் பசைபோலப் பச்சை படிந்துவிடும்.

அடுத்தது, படத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்திருக்கும் உருவம் என்றதும் நம்மவர் 'சோழக் காசு' என்று முடிவுகட்டிவிடுவார்கள். இருக்கலாம்தான். ஆனால் 985இல் ஆட்சிக்கு வந்த முதலாம் இராஜராஜனின் காசில் இருந்த அதே அமைப்பையே பின்னர் பொலன்னறுவை மன்னர்களும் தங்கள் செப்புக் காசில் தொடர்ந்தார்கள். லீலாவதி அரசியின் காசிலும் கிட்டத்தட்ட அதே உருவம்தான்! எழுத்தை வாசித்தால்தான் யாருடையது என்று தெரியும். அந்த எழுத்து நாகரியில், அதாவது இந்தி எழுதும் எழுத்து வகையில் இருக்கும். தமிழ் எழுத்து இல்லையே, அப்போ இது வட இந்தியக் காசு என்று ஒதுக்கிவிடாதீர்கள். இராஜராஜனின் பெயரே அந்தக் காசில் நாகரியில்தான் இருக்கிறது. தமிழில் 'சேது' என்று பொறித்து, மேலே பிறையும் நடுவே படுத்திருக்கும் நந்தியும் இருந்தால் அது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் காசு. அது கிடைத்தால் எனக்கும் ஒருமுறை காட்டுங்கள்.

ஆண்டை வாசிப்பதில் இன்னும் பெரிய குழப்பம். அரபு எண்ணில் 1300 என்று கண்டதும் பதினான்காம் நூற்றாண்டு என்று துள்ளக் கூடாது. அது ஹிஜ்ரி, அதாவது இஸ்லாமிய ஆண்டு. 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறத்தாழ 1883 வரும். ஓட்டோமன் (துருக்கி) காசில் பெரும்பாலும் சுல்தான் பதவியேற்ற ஆண்டே பெரிதாக இருக்கும், அவர் ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு என்று காட்டும் ஆட்சியாண்டு தனியாக நிற்கும். அதைக் கவனிக்காவிட்டால் 1907 அளவில் அடித்த காசு 1876க்குப் போய்விடும். கிழக்கிந்தியக் கம்பனி வங்காளத்தில் முகலாய மன்னர் ஷா ஆலம் பெயரில் அடித்த ரூபாய்களில் '19ஆம் ஆட்சியாண்டு' பல வருடங்கள் மாறாமலே கிடந்தது. ஒஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் வெள்ளித் தாலர் இன்னொரு வேடிக்கை. அவர் இறந்த 1780 என்ற ஆண்டோடு இருபதாம் நூற்றாண்டிலும் அதை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நம்மூரில் அதிகம் பணம் இழக்கும் இடம் பவுண், அதாவது பிரித்தானியத் தங்கக் காசு. தாலிக்கொடியிலும் காசுமாலையிலும் இருந்து கழற்றிய பவுணை அப்படியே கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்குக் கொண்டுபோய் நிறைக்கு விற்றுவிடுகிறோம். 7.98 கிராம், 22 கரட், கணக்குச் சரி. ஆனால் ஆண்டையும், அதோடு இருக்கும் சின்ன எழுத்தையும் ஒரு பூதக்கண்ணாடியால் பார்த்தீர்களா? 1917 பவுணில் அவுஸ்திரேலியா, கனடா நாணயச் சாலைகளின் எழுத்து இருந்தால் சாதாரணம். எழுத்தே இல்லாத லண்டன் 1917 மிகவும் அரிது. அரிது என்பதாலேயே அதற்குப் போலியும் உண்டு. நிறை சரியாக இருக்கிறது, தங்கமும் உண்மை, ஆகவே காசும் உண்மை என்று நம்புவதும் பிழைதான். சென்ற நூற்றாண்டின் நடுவில் லெபனானில் உண்மையான தங்கத்திலேயே போலிப் பவுண் அடித்தார்கள். இன்னொன்று, மாலையில் கோர்க்க வளையம் பற்றவைத்த காசுக்குச் சேகரிப்பவர் கூடுதல் விலை தரமாட்டார்.

இராமர் பட்டாபிஷேகமும் 1818உம் 'ஈஸ்ட் இந்தியா கம்பனி அரை அணா'வும் உள்ள காசை யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நடக்கலாம். கம்பனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை. அதற்கு அரிசியைத் தன் பக்கம் இழுக்கும் அதிசய சக்தி உண்டு என்றால் இரட்டைச் சிரிப்பு. பழைய ஐந்து ரூபாய்க்கு இலட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று வரும் இணைய விளம்பரமும் அதே வகை. தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2021இல் அறிக்கையே விட்டது.

கடைசியாகச் சட்டம். வளவு உங்களுடையது என்பதால் அதில் புதைந்திருந்த பழங்காசு உங்களுடையது ஆகிவிடாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அது அரசுக்குரியது. கிடைத்தால் தொல்பொருள் திணைக்களத்துக்கோ பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும். எந்த ஆழத்தில், வேறு எவற்றோடு இருந்தது என்று குறித்து, எடுத்த இடத்தையும் படம் பிடித்து வையுங்கள். லீவில் வந்த கனடா அண்ணாவிடம் நினைவாக ஒன்றைக் கொடுத்துவிடுவதும் ஆபத்து. தொல்பொருளை நாட்டை விட்டு எடுத்துச் செல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒல்லாந்தர் துட்டும் அதற்குள் அடக்கம்.